அயலூரில் அடுத்த வீட்டுச் சத்தம்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களை முன்வைத்து

வேற்றூரில் குடியிருப்பவருக்கு அண்டை வீட்டுச் சத்தம் இரட்டைத் தொல்லை. தூக்கம் கெடுவது ஒன்று. கெடுகிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்குவது இன்னொன்று. பிறந்த ஊராக இருந்தால் ஜன்னலைத் திறந்து, “ஏலே, அந்தப் பாட்டைக் கொஞ்சம் கொறைடா” என்று ஓர் அதட்டல் போட்டுவிடலாம். வந்த ஊரில் அந்த அதட்டலுக்கு முன்னால் ஆயிரம் யோசனை. மொழி சரியாக வாயில் வருமா? சாமி காரியத்தில் குறுக்கே நின்றதாக ஆகிவிடுமா? வீட்டுக்காரர் முகம் சுளிப்பாரா? “பிடிக்கலைன்னா உங்க ஊருக்குப் போங்க” என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் பிறகு எப்படி அந்தத் தெருவில் நடப்பது?

லண்டனிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களுக்கு இந்தத் தயக்கம் பழகியது. ஆனால் இதை ஆராயக் கடல் கடக்க வேண்டியதில்லை. எல்லையூரான களியக்காவிளையைத் தாண்டினால் போதும். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத் தென்கோடியில் பாறசாலை, இஞ்சிவிளை, ஊரம்பு, செங்கல், காரக்கோணம், வெள்ளறடை என்று நெய்யாற்றின்கரை வட்டத்தில் பரவிக் கிடக்கும் ஊர்களில் தமிழ்நாட்டிலிருந்து திருமணத்தாலும் வேலையாலும் வியாபாரத்தாலும் வந்து தங்கியவர்கள் உண்டு. எல்லை பிரிப்பதற்கு முன்பே இருந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அதே நாடு, ஏறக்குறைய அதே சாப்பாடு, ஒன்றோடொன்று கலந்த இரண்டு மொழிகள். இருந்தும் புகார் சொல்லும் நேரத்தில் ‘நம்ம ஆள்’, ‘பாண்டிக்காரன்’ என்ற பிரிவு தலைகாட்டும். அண்டைச் சத்தச் சிக்கலின் எல்லாப் பக்கங்களையும் சிறிய வட்டத்துக்குள் பார்க்க இந்த ஊர்கள் வசதியானவை.

கோடு விழுந்த கதை

1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரி மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தில் நெய்யாற்றின்கரைப் பகுதியும் கோரிக்கைக்குள் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. இறுதியில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தேவாலயங்களும் இந்தக் கோட்டைப் பின்பற்றின. தென்னிந்தியத் திருச்சபையின் தென்திருவிதாங்கூர் பேராயம் 1959இல் கன்னியாகுமரிப் பேராயம், தென்கேரளப் பேராயம் என்று இரண்டானது.

ஆட்சி பிரிந்தாலும் திருவிழா பிரியவில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் கொல்லங்கோடு பத்ரகாளியம்மன் கோயிலில் பங்குனியில் நடக்கும், குழந்தைகளை உயரத் தூக்கிச் சுற்றும் ‘தூக்க’ நேர்ச்சைக்குக் கேரளக் குடும்பங்கள் குழந்தைகளோடு வருகின்றன. பனச்சமூடு, ஊரம்பு போன்ற ஊர்களில் எல்லைக்கோடு கடைத்தெருவை ஒட்டியே போகிறது. பல குடும்பங்களுக்கு இரண்டு பக்கமும் சொந்தம் உண்டு. சத்தம் போடுகிறவரும் கேட்டுத் தவிக்கிறவரும் ஒருவருக்கொருவர் முற்றிலும் அந்நியர் அல்லர். பாதி உறவு, பாதி அயல் என்ற இந்த நிலைதான் விவகாரத்தைச் சில நேரம் எளிதாக்குகிறது, பல நேரம் கடினமாக்குகிறது.

எந்தச் சத்தம், எந்த மாதம்

புகார்களை ஒரே குவியலாகப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. நாள் குறித்து வரும் சத்தம், நாள்தோறும் வரும் சத்தம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

நாள் குறித்து வருவது திருவிழாச் சத்தம். கார்த்திகை பிறந்தால் மண்டல காலம்; விடியும் முன்பே கோயில்களில் பக்திப் பாட்டு. மார்கழியில் கிறிஸ்துமஸ் காரல் குழுக்கள் டிரம்மோடு வீடு வீடாக வரும். மாசி, பங்குனி, சித்திரை மாதங்கள் உற்சவக் காலம்: செண்டைமேளம், சிங்காரிமேளம், இரவு கானமேளா என்னும் பாட்டுக் கச்சேரி, கதினா வெடி. பாகவத சப்தாகம் வைத்தால் ஏழு நாளும் பாராயணம் ஒலிபெருக்கியில். தேவாலயத் திருவிழாக்களுக்கு நவநாள் உண்டு. பெந்தெகொஸ்தே சபைகளின் கன்வென்ஷன்கள் இரவில் நீளும். பள்ளிவாசல்களில் மதப் பிரசங்க இரவுகள் உண்டு. தேர்தல் வந்தால் ஆட்டோவில் கட்டிய மைக். கல்யாணத்துக்கு முந்தைய இரவு வீட்டு முற்றத்தில் பாட்டும் ஆட்டமும்.

நாள்தோறும் வருவது வேறு. மரம் அறுக்கும் மில், வெல்டிங் பட்டறை, பக்கத்து வீட்டு நாய், மாடி வீட்டில் இரவெல்லாம் ஓடும் டிவி, தினமும் இரண்டு வேளை ஒரே திசையை நோக்கிப் பாடும் குழாய், நெடுஞ்சாலையில் இரவு லாரிகளின் ஏர் ஹாரன். குமரி மாவட்டக் கல்லும் எம்சாண்டும் ஏற்றிய கனரக லாரிகள் களியக்காவிளை வழியாக ஓடுவது பல ஆண்டுகளாக இரு பக்கத்திலும் முணுமுணுப்பைக் கிளப்பி வரும் விஷயம்.

முதல் வகைச் சத்தத்துக்குப் பின்னால் பழைய உழைப்புக் கணக்கு ஒன்று இருக்கிறது. இந்த மண்ணின் பெரும் தொழில்களில் ஒன்று ரப்பர். பால்வெட்டுகிறவர் விடியுமுன் எழுந்து மரத்தடிக்குப் போக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் குறைந்துவிடும். அவருக்கு இரவு ஒன்பது மணியே நடுச்சாமம். ஆனால் இலை உதிர்ந்து துளிர்க்கும் மாசி, பங்குனி வாக்கில் பல தோட்டங்களில் வெட்டு நின்றிருக்கும். கானமேளா நள்ளிரவைத் தொட்டாலும் காலையில் பெரிய நட்டமில்லை. ஊரின் சத்தக் காலமும் ஊரின் ஓய்வுக் காலமும் ஒத்துப்போயிருந்தன.

இப்போது அதே தெருவில் வசிக்கிறவர்கள் யார்? காரக்கோணம் மருத்துவக் கல்லூரியில் இரவுப் பணி முடித்து வரும் செவிலியர், கழக்கூட்டம் டெக்னோபார்க்கிற்கு விடியற்காலை பஸ் பிடிக்கிறவர், மார்ச் மாதப் பொதுத்தேர்வுக்கோ நீட் தேர்வுக்கோ படிக்கும் பிள்ளை. உற்சவக் காலம்தான் இவர்களுக்கு ஆண்டின் கடினமான காலம். வந்து குடியேறியவர்கள் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில் இருப்பதால் பழைய ஊருக்கும் புதிய குடிக்கும் இடையிலான பிணக்காக இது தோற்றம் கொள்கிறது. உண்மையில் இது இரண்டு வேலைநேரங்களுக்கு இடையிலான பிணக்கு. ஊரில் பிறந்த செவிலியருக்கும் அதே தலைவலிதான். அவர் வாய் திறப்பதில்லை, அவ்வளவே.

உடம்பின் கணக்கு

‘பழகிவிடும்’ என்பதுதான் இந்த விஷயத்தில் அதிகம் சொல்லப்படும் ஆறுதல். மனம் பழகலாம். தூக்கத்தில் இருக்கும் உடம்பு அப்படிப் பழகுவதில்லை. சத்தம் வரும்போதெல்லாம் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறியிறங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் தொடர் ஒலி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றது. அதே நிறுவனம் 2011இல் மேற்கு ஐரோப்பாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, போக்குவரத்துச் சத்தத்தால் மட்டும் ஆண்டுதோறும் குறைந்தது 10 லட்சம் ஆரோக்கிய வாழ்வாண்டுகள் பறிபோவதாக மதிப்பிட்டது.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்புச் சத்தம். வீட்டுக்கு வெளியே 75 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். திறந்த ஜன்னல் அதிகம் போனால் 15 டெசிபல் குறைக்கும். உள்ளே 60. பரிந்துரைக்கப்பட்ட அளவைவிட 30 டெசிபல் கூடுதல். ஆற்றலில் 1,000 மடங்கு. ஐரோப்பாவில் இரட்டைக் கண்ணாடி ஜன்னலைச் சாத்தித் தப்பிக்கிறார்கள். சித்திரைப் புழுக்கத்தில் இங்கே ஜன்னலைச் சாத்துவது வேறொரு தண்டனை. ஆகவே இந்த ஊர்களில் சத்தத்தைக் காதருகே தடுப்பதைவிடக் குழாயருகே குறைப்பதுதான் வழி.

அங்கேதான் ஒரு சாதகமான செய்தி இருக்கிறது. கூம்புக் குழாய், கேரளத்தார் கோளாம்பி என்று சொல்வது, ஒலியைத் தான் நோக்கும் திசையில்தான் வெகுதூரம் எறியும். அதைச் சற்றுத் திருப்பி வைத்தாலே ஒரு வீட்டின் இரவு மாறிவிடும். தூரம் இரட்டிப்பானால் திறந்தவெளியில் சுமார் 6 டெசிபல் குறையும். ஊர் முழுவதற்கும் சேர்த்து உயரத்தில் கட்டிய ஒரு பெரிய குழாய்க்குப் பதிலாக, கூட்டம் உட்காரும் இடத்தைச் சுற்றிச் சிறு பாக்ஸ்களைக் குறைந்த ஒலியில் வைத்தால், கேட்க வந்தவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். கேட்க விரும்பாதவர் வீட்டை எட்டாது. திருப்பி வைத்தாலும் அடங்காதது கானமேளா, டிஜே மேடைகளின் அடித்தொனி. அது சுவரையும் ஓட்டையும் ஊடுருவும். அங்கே ஒலியைக் குறைக்கச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

சட்டம் தருவது

இந்தச் சிக்கலில் சட்டம் ஆச்சரியப்படும் அளவுக்குத் தெளிவானது. ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள், 2000 நாடு முழுவதற்கும் பொது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே பகலில் 50, இரவில் 40. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதி வேண்டும். மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் பண்பாட்டு, சமய விழாக்களுக்கு இரவு 12 வரை தளர்வு தரலாம். வரம்பைவிட 10 டெசிபல் மிகுந்தாலோ, இரவுக் கட்டுப்பாடு மீறப்பட்டாலோ, மாவட்ட ஆட்சியர் அல்லது டிஎஸ்பி தகுதிக்குக் குறையாத அதிகாரியிடம் யார் வேண்டுமானாலும் புகார் தரலாம்.

அந்த ‘யார் வேண்டுமானாலும்’ என்பதுதான் அயலூர்க்காரருக்கு முக்கியம். விதியில் பூர்வீகம், மொழி, சொந்த வீடு, வாடகை வீடு என்ற பேச்சே இல்லை. அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு, மத்திய மாநில அதிகாரிகளிடம் குறைதீர்க்கும் மனுவை ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க உரிமை தருகிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. மலையாளம் எழுத வராது என்பதற்காக மனுவை மடித்து வைக்க வேண்டியதில்லை.

நீதிமன்றங்கள் இந்த உரிமையைப் படிப்படியாகக் கட்டின. பி.ஏ. ஜேக்கப் வழக்கில் 1992இல் கேரள உயர்நீதிமன்றம், கருத்துச் சொல்லும் உரிமை வேறு, அதை ஒலிபெருக்கியால் கேட்க விரும்பாதவர் காதிலும் திணிப்பது வேறு என்று பிரித்துக் காட்டியது. 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்சநீதிமன்றம் தீர்த்த வழக்கு தமிழ்நாட்டுக்காரர்கள் படிக்க வேண்டியது. சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் டிரம், கிதார் சத்தத்துக்கு எதிராக அருகிலிருந்த கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கம் வழக்குப் போட்டது. சிறுபான்மைச் சபை என்பதால் குறிவைக்கிறார்கள் என்று சபை வாதிட்டது. வாகன இரைச்சலும் அந்தப் பகுதியில் அதிகம் என்ற விவரமும் வந்தது. பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிமன்றம் முடித்தது. சத்தப் புகார் மதப் புகாராகத் திரிவது எவ்வளவு எளிது என்பதற்கும், நீதிமன்றம் அந்தத் திரிபை எப்படி விலக்குகிறது என்பதற்கும் இது நல்ல பாடம்.

உச்சநீதிமன்றத்தின் 2005 ஜூலை 18 தீர்ப்பு எல்லாவற்றையும் ஒன்றாக்கியது. டில்லியில் ஒலிபெருக்கி இரைச்சலில் ஒரு சிறுமியின் அபயக்குரல் யாருக்கும் கேட்காமல் போன செய்தி அந்த வழக்கின் தூண்டுதல்களில் ஒன்று. பட்டாசு, ஹாரன், ஒலிபெருக்கி அனைத்துக்கும் இரவுக் கட்டுப்பாடு வகுத்த தீர்ப்பு, மீறும் கருவிகளைப் பறிமுதல் செய்ய மாநிலங்கள் வழி செய்ய வேண்டும் என்றது. கோளாம்பி ஒதுக்கப்பட்டபோது அதை நம்பிப் பிழைத்தவர்களுக்கு நேர்ந்ததை இயக்குநர் டி.கே. ராஜீவ்குமார் ‘கோளாம்பி’ என்ற படமாகவே எடுத்தார். தமிழ்நாட்டிலும் கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. 2016 ஏப்ரல் 10 அன்று கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயில் வெடிவிபத்தில் 100க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, சூரியன் மறைந்தபின் பேரொலி வெடிகளுக்குக் கேரள உயர்நீதிமன்றம் தடை விதித்தது.

தண்டனைப் பக்கம் மட்டும் நீண்டகாலம் பல்லில்லாமல் இருந்தது. பழைய தண்டனைச் சட்டத்தில் பொதுத்தொல்லைக்கு 200 ரூபாய் அபராதம். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 292ஆம் பிரிவில் 1,000 ரூபாய். கானமேளாவின் ஒரு பாட்டுக்கு ஆகும் செலவுகூட இராது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024இல் நடைமுறைக்கு வந்தபின் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் விதிக்க முடியும். விழாக் கமிட்டிகளை யோசிக்கவைக்கும் தொகை இதுதான்.

கோட்டுக்கு அந்தப் பக்கத்துக் குழாய்

எல்லைக் கிராமங்களுக்கே உரிய சிக்கல் இனித்தான். குழாய் ஒரு மாநிலத்தில், காது இன்னொரு மாநிலத்தில். கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த நெய்யாறு இடதுகரைக் கால்வாய்த் தண்ணீர் 2004 முதல் எல்லையில் நின்றுவிட்டது. ஒலிபெருக்கிச் சத்தம் அப்படி நிற்பதில்லை.

இஞ்சிவிளையில் குடியிருப்பவருக்குத் தொல்லை தரும் குழாய் களியக்காவிளைப் பக்கம் கட்டியிருந்தால், பாறசாலைக் காவல் நிலையம் போய்ப் பயனில்லை. விதி ஒன்றுதான், அதை அமல்படுத்தும் கை வேறு. அனுமதி கொடுத்தது தமிழ்நாட்டு அதிகாரி. ரத்து செய்ய வேண்டியவரும் அவரே. ஊரம்பில் தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவருக்கும் இதே நிலை எதிர்த்திசையில். நீதிமன்றம் என்று போனால் ஒருவருக்கு நெய்யாற்றின்கரையும் எர்ணாகுளமும். இன்னொருவருக்குக் குழித்துறையும் மதுரைக் கிளையும். மாநிலம் தரும் 15 நாள் தளர்வும் தனித்தனி. ஆகவே இரு பக்கச் சத்தமும் கேட்கும் வீட்டுக்கு, தாளில் 15 என்பது நடைமுறையில் 30 வரை போகலாம். விதியை எழுதியவர்கள் இப்படி ஒரு வீடு இருக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

இதில் செய்யக்கூடியது: புகாரில் குழாய் இருக்கும் இடத்தை முதலில் உறுதி செய்வது, அது எந்த மாநிலமோ அந்த மாநிலத்து அதிகாரிக்கே எழுதுவது, நகலைத் தன் பக்கத்து நிலையத்துக்கும் கொடுப்பது. அவசரத்துக்கு 112ஐ அழைக்கும்போதும் இதைச் சொல்ல வேண்டும். அழைப்பு எந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் என்பதை எல்லையில் செல்போன் கோபுரமே தீர்மானிக்கிறது.

தமிழரே சத்தக்காரராக இருந்த ஊர்கள்

தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். அயலூரில் தமிழர் எப்போதும் சத்தத்தைச் சகிப்பவராக மட்டும் இருந்ததில்லை. சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் நேரடி இசைக்கு 1973இல் தடை வந்தது. 2016இல்தான் குறிப்பிட்ட இடங்களில் மேளம் திரும்பியது. ஜெர்மனியின் ஹம் நகரில் ஈழத்தமிழர்கள் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் தொடங்கிய காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த்திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தபோது, நெரிசலும் சத்தமும் குறித்துக் குடியிருப்பாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1997இல் கோயில் ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைப் பகுதிக்கு நகர்ந்தது. 2002இல் அங்கே பெரிய கோபுரத்தோடு குடமுழுக்கு நடந்தது. இன்று அந்தத் திருவிழா நகரத்துக்கே பெருமை. மேளம் நிற்கவில்லை, இடம் மாறியது.

அந்த நாடுகளில் விதி எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கிறது. ஜெர்மனியில் இரவு 10 முதல் 6 வரை அமைதிநேரம். ஞாயிறன்று புல்வெட்டும் இயந்திரத்துக்கும் தடை. இங்கிலாந்தில் இரவு 11 முதல் 7 வரையிலான சத்தத்துக்கு 1996 சட்டப்படி நகராட்சி எச்சரிக்கை அறிவிப்பு அனுப்ப முடியும். சிங்கப்பூரில் 2015 முதல் அண்டைவீட்டுத் தகராறுகளுக்கென்றே தீர்ப்பாயம் இயங்குகிறது. அதற்கு முன் சமரசப் பேச்சு. இந்த ஏற்பாடுகளின் பெரிய நன்மை, புகார் சொல்கிறவர் ஊர் முன்னால் தனியாக நிற்க வேண்டியதில்லை என்பது. இங்கே கோயில் கமிட்டித் தலைவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதை அங்கே ஓர் அலுவலகம் பேசுகிறது. ஆனால் அந்த வசதிக்கு விலையும் உண்டு: மேல்மாடிக்காரரிடம் ஒரு வார்த்தை பேசாமலேயே அவர்மீது மூன்று புகார் எழுதிவிடும் பழக்கம்.

வாசலிலிருந்து ஆட்சியர் அலுவலகம் வரை

இந்த ஊர்களில் பலன் தரும் வழி, இரண்டு வகைச் சத்தத்துக்கும் ஒன்றல்ல.

திருவிழாச் சத்தத்துக்குப் பேச வேண்டிய காலம் திருவிழாவுக்கு முன்பு. உற்சவத்துக்குச் சில வாரம் முன்னே கமிட்டியினர் ரசீதுப் புத்தகத்தோடும் நோட்டீஸோடும் வாசலுக்கு வருவார்கள். அந்த நோட்டீஸில் நாள், நிகழ்ச்சி, நேரம், கமிட்டிச் செயலாளரின் போன் நம்பர் எல்லாம் அச்சாகியிருக்கும். கையெழுத்துப் போட்டு நன்கொடை கொடுக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் வந்தவர் ஊர்க்காரராகப் பேசக் கிடைக்கும் நேரம். “சேட்டா, அந்தக் கோளாம்பியை ரோட்டுப் பக்கம் திருப்பி வெச்சுத் தரணும், பிள்ளைக்குப் பரீட்சை” என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. ‘சத்தத்தைக் குறையுங்கள்’ என்பது விழாவின்மீது குறை சொல்வதாகப் படும். ‘திருப்பி வையுங்கள்’, ‘10 மணிக்கு வெளியே கட்டியதை மட்டும் அணையுங்கள்’ என்பவை செய்துகொடுக்கக்கூடிய உதவிகள். மைக்செட்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. குழாயைத் திருப்புவது அவர் கைதானே.

கொடுக்க விருப்பமில்லாதவர் கொடுக்க வேண்டியதில்லை. நன்கொடை அனுமதிச்சீட்டு அல்ல. ஆனால் ஆண்டு முழுவதும் கதவைச் சாத்தியிருந்துவிட்டு, வெடி முழங்கும் இரவில் முதல்முறையாகக் கதவைத் திறப்பவரின் சொல் எடுபடாது. நோட்டீஸ் கிடைத்ததும் இரவுப் பணியை மாற்றிக்கொள்வது, கைக்குழந்தையோடு இரண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போவது, காதடைப்பான் வாங்கி வைப்பது ஆகியவை தோல்வியல்ல. பத்து நாள் விழாவுக்கு அது போதுமான பதில்.

நாள்தோறும் வரும் சத்தத்துக்கு இந்தப் பொறுமை தவறு. அறுவை மில்லும் அன்றாடக் குழாயும் தானாக நிற்காது. பொறுக்கப் பொறுக்க அதுவே வழக்கம் என்றாகிவிடும். முதலில் நேரில், தனியாக, பகலில் பேசுவது. பிறகு ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன், வார்டு மெம்பர், பெண்கள் என்றால் குடும்பஸ்ரீ அயல்கூட்டம். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களில் அண்டைவீட்டுப் பெண்கள் வாரந்தோறும் கூடுகிறார்கள்; ஒரு வீட்டின் தொல்லை பல வீடுகளின் தொல்லையாவது அங்கேதான். பல பேர் சேர்ந்து கையெழுத்திட்ட மனுவில் யார் ‘வந்தவர்’ என்று தேடுவது கடினம்.

அதற்கும் அசையாவிட்டால் எழுத்தில் போக வேண்டும். நாள், தொடங்கிய நேரம், நின்ற நேரம், குழாய் இருக்கும் இடம், பாதிக்கப்பட்டவர் விவரம் என்று சில வாரக் குறிப்பு கையில் இருக்க வேண்டும். செல்போன் செயலி காட்டும் டெசிபல் அளவு துல்லியமில்லை. அதிகாரியை அளக்க வரவைக்க அது போதும், நிரூபிக்கப் போதாது. கேரளக் காவல்துறையின் ஜனமைத்ரி காவலர், நெய்யாற்றின்கரை டிஎஸ்பி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆட்சியர் என்று படி ஏறலாம். நிரந்தரமான தொழிற்கூடச் சத்தத்துக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் நிர்வாக நடுவர் தொல்லையை அகற்றவே ஆணையிட முடியும். வட்டச் சட்டப்பணிகள் குழுவில் சமரசத்துக்குப் பணம் செலவில்லை.

யாருடைய சத்தம்

இந்த ஆய்வில் கவனத்துக்கு வந்தே தீர வேண்டிய ஒருவர் மீதமிருக்கிறார். இன்று இந்தக் கிராமங்களில் உண்மையான அயலார் தமிழர் அல்லர். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளிகள். கேரள அரசு இவர்களை ‘அதிதி தொழிலாளிகள்’ என்று மரியாதையாகவே அழைக்கிறது. ஒரே அறையில் பலர் தங்கி, வேலை முடிந்து வந்து இரவில் சமைத்து, ஊரோடு வீடியோ காலில் பேசி, செல்போனில் பாட்டுப் போடுகிறார்கள். அவர்களுடைய சத்தத்துக்குப் புகார் எழ ஓர் இரவு போதும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காலிசெய்யச் சொல்லத் தயக்கமும் இராது. அதே தெரு, பத்து நாள் வெடியைப் பத்து நாளும் பொறுத்துக்கொள்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ‘வந்தவர்’ என்று கூசி நின்ற தமிழ்க் குடும்பமும் இந்தப் புகாரில் முன்வரிசையில் நிற்கக்கூடும்.

சத்தத்தின் அளவைக் காது கேட்கிறது. அது தொல்லையா இல்லையா என்பதை உறவு முடிவு செய்கிறது. விதிகளின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. 45 டெசிபல் என்ற எண்ணுக்கு ஊரும் தெரியாது, மொழியும் தெரியாது. செல்போன் பாட்டு 45ஐத் தாண்டவில்லை என்றால் புகாருக்கு இடமில்லை. கோயில் குழாயோ சர்ச் குழாயோ தாண்டினால் இடமுண்டு. மீட்டரைக் கையில் எடுப்பதால் எளியவர் காப்பாற்றப்படுகிறார் என்பதே அதை வலியுறுத்தப் போதுமான காரணம்.

செய்ய வேண்டியது

தனிமனிதர் முயற்சிக்கு எல்லை உண்டு; மீதியைச் செய்ய வேண்டியது நிர்வாகம். உற்சவக் காலம் தொடங்குமுன் பாறசாலை, களியக்காவிளை, வெள்ளறடை, கொல்லங்கோடு போன்ற எல்லைக் காவல் நிலையங்களின் அதிகாரிகளும், இரு பக்கத்து விழாக் கமிட்டிகளும், மைக்செட் கடைக்காரர்களும் ஒரு மேஜையில் உட்கார வேண்டும். எல்லையை ஒட்டி நடக்கும் விழாக்களின் நாட்களை ஒரே பட்டியலாக்கி, ஒரே காதில் விழும் இரண்டு விழாக்களின் நள்ளிரவுத் தளர்வு அடுத்தடுத்த வாரங்களில் அடுக்கப்படாமல் பார்க்கலாம். பொதுத்தேர்வு நாட்களுக்கு முந்தைய இரவுகளைத் தளர்விலிருந்து விலக்கலாம். குழாய்களின் திசையை அனுமதிச் சீட்டிலேயே எழுதலாம். எந்தப் பக்கத்தவர் எந்தப் பக்கத்துக் குழாயைப் பற்றிச் சொன்னாலும் இரு நிலையங்களும் பெற்றுக்கொண்டு மாற்றி அனுப்பலாம். புதிய சட்டம் எதுவும் இதற்கு வேண்டாம். தேர்தல் காலத்தில் மதுக்கடத்தலைத் தடுக்க இரு மாநிலப் போலீசும் கூடிப் பேசுகிறார்களே, அந்தப் பழக்கம் போதும்.

குடியேறியவர் தரப்பில் செய்ய வேண்டியது, ஊரின் நாட்காட்டியைத் தெரிந்துகொள்வது; ஊர் தரப்பில் செய்ய வேண்டியது, குறை சொல்கிறவரின் பூர்வீகத்தைக் கேட்காமல் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போய்ப் பார்ப்பது. இரண்டில் கடினமானது இரண்டாவதுதான். ஆகவே அதை ஊரின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடாமல் விதியிலும் அனுமதிச் சீட்டிலும் எழுதி வைக்க வேண்டும்.